எஞ்சின் விளக்கு யாருக்காக எரிகிறது?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஒரு வரிசை விளக்குகள் எரிந்து அணைகின்றன. ஆயில் அழுத்தம், பேட்டரி, எஞ்சின் சூடு ஆகியவற்றுக்கான விளக்குகள் பெரும்பாலும் சிவப்பு. எஞ்சின் உருவம் போட்ட விளக்கோ மஞ்சள். வண்டிக்காரர்களை அதிகம் குழப்புவது இதுதான். வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பிக்கப் குறைந்திருக்காது, சத்தம் மாறியிருக்காது. ஆனாலும் விளக்கு எரியும். இன்னொரு வண்டியில் டைமிங் பெல்ட் அறுந்துவிடும் நிலையில் நைந்திருக்கும். அப்போது விளக்கு மூச்சுவிடாது. விசித்திரம் இதோடு முடியவில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அதைச் சொல்வது வேறு விளக்கு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டு எஞ்சின் போதிய அளவு சூடாகாமல் இருந்தால் இந்த மஞ்சள் விளக்கு எரியும். சூடான எஞ்சின் உடைந்துபோகும். ஆறிய எஞ்சின் உடையாது. உடைகிற நோயை விட்டுவிட்டு உடையாத நோய்க்கு எரிகிற இந்த விளக்கை நம்ப முடியாதது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இது எஞ்சினைக் காக்க வைத்த விளக்கு என்ற எண்ணத்தைக் கைவிட்டால் முரண் தீர்ந்துவிடுகிறது. சைலன்சர் வழியாக வெளியேறும் புகையைக் காவல் காக்க வைத்த விளக்கு இது. ஆறிய எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து அழுக்காக எரிக்கும் என்பதால்தான் அதன்மேல் இந்த அக்கறை.

காரணம் கலிபோர்னியாவின் வரலாற்றில் இருக்கிறது. 1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிய வைத்த பழுப்பு மூட்டத்தின் மூலம் எது என்று முதலில் யாருக்கும் தெளிவில்லை. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே அந்த மூட்டம் உருவாகிறது என்று காட்டினார். அவற்றைப் பெருமளவு கக்கியவை கார்கள். 1967இல் கலிபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தது. 1970இல் அமெரிக்கா முழுமைக்கும் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975ஆம் ஆண்டு மாடல்களில், புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பரவலாகப் பொருத்தப்பட்டது. அதன்பிறகுதான் அடிப்படையான சிக்கல் ஒன்று துலங்கியது. தொழிற்சாலை வாசலில் புதுக்கார் தேர்வில் தேறிவிடுகிறது. ஆனால் நகரத்தின் காற்றைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்த கார். ஆண்டுக்கு ஒருமுறை சைலன்சரில் குழாயைச் செருகிப் பார்க்கும் சோதனை, மீதி நாள்களில் நடப்பதை அறியாது. எனவே சோதனைச்சாலையையே காருக்குள் ஏற்றிவிடுவது என்று கலிபோர்னியா தீர்மானித்தது. 1988ஆம் ஆண்டு மாடல்களில் அதன் எளிய வடிவம் கட்டாயமானது. இன்று உலகம் பின்பற்றும் விரிவான வடிவம் 1996ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது. ஐரோப்பா சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. இந்தியாவில் 2010இல் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகள் வந்தபோது முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரல் முதல் விரிவாகவும் இந்தக் கண்காணிப்பு நுழைந்தது. அமெரிக்க விதியின் இரண்டு நிபந்தனைகளே இதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றன. இந்த விளக்கு சிவப்பாக இருக்கக் கூடாது. சர்வீஸ் தேதியை நினைவூட்டுவது போன்ற வேலைகளுக்கு இதைப் பயன்படுத்தவும் கூடாது.

காவல் காப்பது என்றால் எப்படி? பெட்ரோல் கார் எதிலும் கார்பன் மோனாக்சைடையோ ஹைட்ரோகார்பனையோ நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. அத்தகைய கருவிகள் பெரியவை, விலை கூடியவை, அடிக்கடி சீரமைக்க வேண்டியவை. காரில் இருப்பவை சாதாரண சென்சார்கள். உள்ளே வரும் காற்று, எஞ்சினின் வெப்பம், கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சி, புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை அவை அளக்கின்றன. இவற்றிலிருந்து புகையின் தரத்தை எஞ்சினின் கணினி அனுமானிக்கிறது. இந்த அனுமானத்தில்தான் விளக்கின் திறமையும் இருக்கிறது, வரம்பும் இருக்கிறது.

முதல் அனுமானம் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதம் பற்றியது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று மாசுகளையும் கன்வர்ட்டர் ஒரே நேரத்தில் நீக்க வேண்டுமானால் கலவை இந்த எண்ணை ஒட்டியே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஏதோ ஒரு மாசு தப்பிவிடும். இதைக் கண்காணிப்பது எஞ்சினுக்கு அருகே புகைக்குழாயில் திருகிய ஆக்சிஜன் சென்சார். பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கானால் ஆன அது ஒரு சிறு மின்கலம்தான். ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானதும், வெளிக்காற்றுக்கும் புகைக்கும் இடையே ஆக்சிஜன் அளவில் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். கலவையில் காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டி இறங்கும்; பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டி ஏறும். கணினி இதைப் பார்த்து இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தபடியே இருக்கிறது. திருத்தம் சிறிதாக இருக்கும்வரை கவலையில்லை. நெடுநேரம் ஒரே திசையில் கால்பங்கு அளவுக்குத் திருத்த வேண்டிவந்தால், எங்கோ கோளாறு என்று கணினி முடிவுகட்டும். அந்த நிலையிலும் வண்டி நன்றாகவே ஓடும், ஏனென்றால் கோளாறை மறைக்கும் அளவுக்கு கணினி திருத்திக்கொண்டிருக்கிறது. வண்டியில் எந்த மாற்றமும் தெரியாமல் விளக்கு எரிவதன் முக்கியக் காரணம் இதுவே.

இரண்டாவது அனுமானம் கன்வர்ட்டர் உயிரோடு இருக்கிறதா என்பது. அதற்குள் நடக்கும் வேதிவினையைப் பார்க்க வழியில்லை. ஆனால் அதில் பூசியுள்ள சீரியம் ஆக்சைடு, புகையில் ஆக்சிஜன் மிகும்போது உறிஞ்சிக்கொண்டு, குறையும்போது விட்டுக்கொடுக்கும். ஏரியை நினைத்துக்கொள்ளலாம்: வாய்க்காலில் வரத்து ஏறினாலும் இறங்கினாலும் மதகில் போகும் நீர் சீராக இருக்கும், ஏரி தூர்ந்துவிட்டால் வருகிறபடியே போகும். கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் சீராக இருந்தால் கன்வர்ட்டர் நலம். பின்சென்சாரும் முன்சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால், ஆக்சிஜனைத் தேக்கும் திறன் போய்விட்டது. அதோடு மாசு நீக்கும் திறனும் போயிருக்கும் என்பது ஊகம். எந்த அளவு கெட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. அமெரிக்க விதியில் பல உறுப்புகளுக்கு, புகை அனுமதித்த வரம்பைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும் அளவுக்குப் பழுது முற்றுவதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும். எல்லைக்கோடு வகுக்கப்படுவது புகையை வைத்துத்தான்.

மூன்றாவது, மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் பழுது. சிலிண்டரில் கலவை தீப்பிடிக்காமல் போவதைக் கணினி எப்படி அறிகிறது? கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பற்சக்கரத்தைப் பார்த்தபடி ஒரு சென்சார் இருக்கிறது. பல எஞ்சின்களில் இந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்கள். விடுபட்ட இடைவெளி, சுழற்சியின் தொடக்கத்தைக் குறிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு பல் கடக்க ஒரு விநாடியின் 3,000இல் ஒரு பங்குதான் ஆகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்த வேகத்தில் விநாடிக்கு 100 வெடிப்புகள் நிகழும். ஒவ்வொரு வெடிப்பும் சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளும். ஒரு வெடிப்பு தவறினால் அந்த இடத்தில் பற்கள் கடக்கும் நேரம் மிக நுண்ணிய அளவில் கூடும். எந்த சிலிண்டர் தவறியது என்பதுகூட அதிலிருந்து தெரிந்துவிடும். இந்தப் பழுதில் மட்டும் விளக்கின் மொழி மாறுகிறது. எரியாத பெட்ரோலும் எரிப்பதற்கான ஆக்சிஜனும் சேர்ந்தே கன்வர்ட்டருக்குப் போய், அங்கே எரிகின்றன. தவறுதல் மிகுந்தால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டு அமைப்பு உருகிவிடும். அந்த அளவு ஆபத்து நேரும்போது விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னும். உடனே வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள்.

அனுமானம் தவறலாம் அல்லவா? தவறும், அதை முன்கூட்டியே எண்ணித்தான் முறை வகுத்திருக்கிறார்கள். குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் அதிரும்போது அந்த அதிர்வு கியர்ப்பெட்டி வழியாகக் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் போகும். தவறாத வெடிப்பு தவறியதுபோலத் தோன்றும். எனவே பல கார்களில் பிரேக் அமைப்பின் சக்கர வேக சென்சார்களைக் கேட்டு, சாலை மோசம் என்று தெரிந்தால் கணினி அந்தச் சோதனையை நிறுத்திவைக்கிறது. அதைவிடப் பொதுவான தற்காப்பு, இரண்டு பயணம் என்ற விதி. ஒரு பயணத்தில் தென்பட்ட பழுது நினைவில் குறிக்கப்படும், விளக்கு எரியாது. பெரும்பாலான பழுதுகளுக்கு, அடுத்த பயணத்திலும் அதே பழுது தென்பட்டால்தான் எரியும். அந்தக் கணத்தில் எஞ்சினின் வேகம், சுமை, வெப்பம் என்ன என்ற விவரமும் சேமிக்கப்படும். தொடர்ந்து மூன்று பயணங்களில் பழுது காணாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். குறிப்பு மட்டும் பொதுவாக 40 முறை எஞ்சின் சூடாகி ஆறும்வரை நினைவில் கிடக்கும். தானாக எரிந்து தானாக அணைந்த விளக்கைப் பொய் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. விளக்கு எரியும் நேரத்தில் பெரும்பாலும் இருமுறை சான்று கிடைத்திருக்கும். அணையும் நேரத்தில் மும்முறை மறுசான்று கிடைத்திருக்கும்.

ஆனால் சான்று வேறு, தீர்ப்பு வேறு. ஒர்க்‌ஷாப்புகளில் அதிகப் பணம் வீணாவது இந்த வேறுபாட்டை மறப்பதால்தான். ஸ்கேனரைச் செருகினால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடு கிடைக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் வெடிப்பு தவறுகிறது. பி0420 என்றால் கன்வர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே. பி0171 என்றால் கலவையில் காற்று மிகுதி. இந்தக் கடைசிக் குறியீட்டைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம். காற்று மிகுதி என்ற சான்றுக்கு எத்தனை மூலங்கள் இருக்கலாம் என்று பாருங்கள்: வேக்குவம் குழாயில் விரிசல், காற்றை அளக்கும் சென்சாரில் தூசி, பெட்ரோல் பம்பின் அழுத்தக் குறைவு, அடைபட்ட இன்ஜெக்டர். புகைக்குழாயில் சென்சாருக்கு முன்னால் சிறு ஓட்டை இருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுந்திருக்க, குறியீடு மட்டும் காற்று மிகுதி என்றே சொல்லும். சென்சாரும் பொய் சொல்லவில்லை, கணினியும் பொய் சொல்லவில்லை. தனக்குத் தென்பட்டதை ஒன்று சொன்னது. அதிலிருந்து மற்றொன்று கணக்கிட்டது. எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று குறியீடு சொல்வதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். புகைக்காக எரியும் விளக்கு என்றால், வண்டி நன்றாக ஓடும்வரை உரிமையாளர் ஏன் செலவழிக்க வேண்டும்? ஊர்க்காற்று பொதுச்சொத்து என்பது ஒரு பதில். அதைச் சொன்னால் பலர் நகர்ந்துவிடுவார்கள் என்பதால் இன்னொரு பதிலும் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பெரும்பாலான மாசு, சரியாக எரியாத எரிபொருள். கணினி பெட்ரோலைக் கூட்டிக்கூட்டிச் சமாளிக்கும் வண்டியில் மைலேஜ் குறையும். ஒரு சிலிண்டர் அவ்வப்போது தவறினால், இன்று ஸ்பார்க் பிளக்கோடு முடிய வேண்டிய வேலை, நாளை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமிக்க உலோகங்களைக் கொண்ட கன்வர்ட்டரை மாற்றுவதில் போய் நிற்கும். இதற்கும் மேலே ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. இருப்பது ஒரே விளக்கு. சிறு பழுதுக்காக ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், அடுத்து வரும் பெரிய பழுதைச் சொல்ல அதனிடம் வழியில்லை; வெடிப்பு தவறும்போது மின்னுவது ஒன்றே விதிவிலக்கு. எரியும் விளக்கோடு பழகிவிட்டவர், விளக்கே இல்லாத வண்டியை ஓட்டுகிறார் என்றுதான் பொருள்.

அப்படியானால் அணைத்துவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும், ஸ்கேனரால் குறியீட்டை அழிப்பதும் பரவலான வைத்தியங்கள். அழித்தால் விளக்கு அணையும். ஆனால் அதோடு, எந்தெந்தச் சோதனைகள் முடிந்தன என்ற பதிவும் அழிந்துவிடும். கணினி எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் புகைச் சோதனைக்குப் போகும் கார், இந்தப் பதிவு பெரும்பகுதி வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்பப்படும். அண்மைக் கால மாடல்களில் ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடும் உண்டு; பழுது உண்மையிலேயே நீங்கிவிட்டதைக் கணினியே சோதித்து உறுதி செய்தால்தான் அது நீங்கும். பழைய கார் வாங்குவோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் விட்டால் இந்த விளக்கு எரிய வேண்டும்; எரியவில்லை என்றால் விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம்.

மற்றொரு குற்றச்சாட்டு: பழுது என்ன என்று தெரிந்தும் உரிமையாளரிடம் சொல்லாமல் ஒரு மஞ்சள் படத்தை மட்டும் காட்டுவது, அவரை ஒர்க்‌ஷாப்புக்குத் துரத்தும் தந்திரம் என்பது. இதில் பாதி உண்மை. பெரிய திரை வைத்த கார்கள்கூட குறியீட்டை அதில் காட்டுவது அரிது. காட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. மறுபாதி இதற்கு நேர்மாறு. 1996க்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகியும் தனக்கென ஒரு குறியீட்டு மொழியும் வைத்திருந்தது. எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவில் 16 முனைச் செருகி, அதுவும் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில், புகை தொடர்பான முக்கியப் பழுதுகளுக்கு ஒரே குறியீடு என்பதைச் சட்டம்தான் திணித்தது. கைபேசியோடு இணைந்து வேலை செய்யும் மலிவான கருவியால் இன்று உரிமையாளரே குறியீட்டைப் படிக்க முடிவதும், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வெளியே இருக்கும் மெக்கானிக் பிழைப்பு நடத்த முடிவதும் இந்தப் பொதுமொழியால்தான். காற்றுக்காக வந்த சட்டம் உரிமையாளருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்வாதம் 2015இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் சோதனையைக் கண்டுகொண்டு ஏமாற்றும் மென்பொருள் இருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக இருந்த அந்தக் கார்கள், சாலையில் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கின. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,82,000 கார்கள். அவற்றின் டாஷ்போர்டில் விளக்கு எரிந்து யாரையும் எச்சரிக்கவில்லை. எப்படி எரியும்? எது இயல்பு, எது பழுது என்ற அளவுகோலைக் கணினியில் எழுதுவது அதே நிறுவனம்தான். உறுப்பு தேய்ந்தால் விளக்கு கண்டுபிடிக்கும். படைத்தவரே திட்டமிட்டுச் செய்ததைப் பழுது என்று அதனால் அறிய முடியாது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துச் செல்லத்தக்க அளவீட்டுக் கருவிகளைக் காரில் ஏற்றிச் சாலையில் ஓட்டி, புகையை நேரடியாக அளந்ததில்தான் முரண் வெளிப்பட்டது. இது விளக்கு வீண் என்பதற்கான சான்றன்று; அனுமானத்துக்கு மேல் நேரடி அளவீடு என்ற இன்னொரு காவலும் வேண்டும் என்பதற்கான சான்று. ஐரோப்பாவும், பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின் இரண்டாம் கட்டமாக 2023 ஏப்ரல் முதல் இந்தியாவும், புதிய கார் மாடல்களைச் சாலையில் ஓட்டிப் புகை அளப்பதைக் கட்டாயமாக்கியிருப்பது இந்த வழியில்தான்.

ஆக, இந்த விளக்கிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெளிவாகிறது. எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கக் கூடாது. அது அதன் வேலையில்லை. எந்த உறுப்பை மாற்றுவது என்றும் கேட்கக் கூடாது. அது மெக்கானிக் ஆராய்ந்து சொல்ல வேண்டியது. எரிதல் சரியாக நடக்கிறதா, புகை சுத்திகரிக்கப்படுகிறதா என்று கேட்டால், ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் புகைச் சான்றிதழைவிட நம்பகமான பதிலை அது தரும். வண்டி நின்ற இடத்திலேயே இருக்க, எஞ்சினை உறும விட்டு எடுக்கும் சோதனைக்கு அகப்படாத பழுதுகளை, ஓடுகிற வண்டியில் ஓடுகிற நேரத்தில் பிடிப்பது அது ஒன்றே. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். மஞ்சள் மின்னினால் மெதுவாகப் போய் அருகில் உள்ள மெக்கானிக்கைப் பாருங்கள். மஞ்சள் நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். சில நாள்களுக்குள் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள், படித்ததும் உறுப்பை மாற்றக் கிளம்புகிறவரிடம் அந்தக் குறியீட்டுக்கு வேறு என்னென்ன காரணங்கள் இருக்கலாம், அவற்றைச் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். விளக்கு தன் பங்குக்குப் பெரும்பாலும் இரண்டு பயணம் பார்த்த பிறகே வாய் திறந்திருக்கிறது. பழுது பார்ப்பவரும் அந்த அளவு பொறுமை காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.